பழகிய மூக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நிற்கும் என்று கிடங்கில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு கூடம் நிறையப் பெண்களை வேலை வாங்குகிறவள் நான். கொஞ்சிக் குலாவிக்கொண்டிருந்தால் தட்டில் இருக்கிற ஐஸெல்லாம் உருகி ஓடி, இறால் பல்லை இளித்துவிடும். ஆனால் இப்போது சொல்ல வருவது அந்தச் சில்லறைக் கோபம் இல்லை. சோற்றை உருட்டி வாயில் வைத்தால் தொண்டையில் இறங்கவிடாத கோபம். முதலில் அது முழுக்க முழுக்க என் தம்பி மேல்தான் இருந்தது.

என் தம்பிக்குக் கிடங்கில் 'மூக்கு மாஸ்டர்' என்று பெயர். மீனையும் இறாலையும் உறைய வைக்கிற கிடங்கு எங்களுடையது. கூரைக்குக் கீழே ஆள் கை தடிமனில் குழாய்கள் ஓடும். அதற்குள் அமோனியா. நாங்கள் 'கேஸ்' என்போம். அதுதான் குளிரைக் கொண்டுவருகிறது. தப்பித்தவறி வெளியே வந்தால் கண்ணையும் மூச்சுக்குழலையும் வேகவைத்துவிடும். அதனால் தினமும் காலையில் குழாய் இணைப்புகளையும் வால்வுகளையும் சோதிக்க வேண்டும் என்று விதி. அதற்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு பேப்பர் கொடுத்திருக்கிறார்கள். ஈரப்படுத்திக் குழாய்ப் பக்கம் காட்டினால், கசிவு இருந்தால் நீலமாக மாறும். குழந்தைகூடச் செய்துவிடலாம்.

தம்பி செய்ய மாட்டான். "பேப்பர் எல்லாம் மூக்கு இல்லாதவனுக்கு" என்பான். தாடையைத் தூக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாய்களுக்குக் கீழே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடப்பான். வால்வுக்கு வால்வு நின்று ஒரு இழுப்பு இழுப்பான். பிறகு, "சுத்தம்" என்பான். அவ்வளவுதான் சோதனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாருக்கும் தெரியாத ஒரு கசிவை அவன் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்தான். அன்றைக்கு முதலாளியே வந்து தோளில் தட்டினார். அந்தத் தட்டு அவன் தலைக்கு ஏறி அங்கேயே குடியிருந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. என் தம்பி மூக்கு மாதிரி வருமா என்று கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற பெண் முதல் நாள் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். மீன் நாற்றம், கேஸ் நெடி, குளிர் எல்லாம் சேர்ந்து அவளைப் புரட்டிப் போடும். நாங்கள் சிரிப்போம். "மகாராணிக்கு ஒத்துக்கலையாம், பன்னீர் தெளிங்கடி" என்போம். கொஞ்ச நாளில் அவள் துணியை எடுத்துவிடுவாள். அன்றைக்கு 'மூக்கு பழகின டீ' என்று எல்லோருக்கும் அவள் செலவில் டீ. அதைக் குடித்த பிறகுதான் அவள் எங்களில் ஒருத்தி. அதுவரைக்கும் அவள் 'இங்கே நெடி, அங்கே நெடி' என்று எதைச் சொன்னாலும் ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நான் சேர்ந்த நாளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அப்புறம் நானும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் மருமகள் அந்த டீயை வாங்கிக் கொடுக்கவே இல்லை.

என் மகன் கிடங்கின் லாரியை ஓட்டுகிறான். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். கல்யாணமாகி வந்தவள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று நான்தான் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டேன். அதற்கு முன் தையல் கடையில் இருந்தவள். கை சுத்தம், வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. சமையலில்தான் சொல்ல வேண்டும். எதைச் செய்து வைத்தாலும் சப்பென்று இருக்கும். உப்பும் காரமும் நாக்கில் தெரியும், மற்றபடி வைக்கோல். "உங்க அம்மா வீட்டுல ருசின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறேன். அவள் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த அமைதி எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஒருநாள் அவள் மேஜையை விட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, சுவரோரமா மேலே ஒரு வால்வு இருக்கில்ல, அங்கேர்ந்து நெடி வருது. மீன் நாத்தம் இல்ல, இது வேற. மூக்குக்குள்ள ஊசி குத்துற மாதிரி."

"வந்து இத்தனை நாளாச்சு, இன்னும் உனக்கு மூக்கு பழகலையா?"

"மீன் பழகிடுச்சு. இது பழகல."

சரி, பெண்டாட்டி சொன்னதை மாமியார் கேட்கவில்லை என்று நாளைக்கு மகன் என் தலையை உருட்டக் கூடாது என்று போய் நின்றேன். வால்வுக்கு நேர் கீழே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். சுத்தமான குளிர்காற்று. கண்ணில் கொஞ்சம் கரித்த மாதிரி இருந்தது. இந்தக் குளிரில் அது எப்போதும் உள்ளதுதான்.

"ஒண்ணும் இல்லையேம்மா. நான் இங்கதானே நிக்கிறேன். நெடி இருந்தா எனக்குத் தெரியாதா?"

தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவன் ஸ்டூல் போட்டு ஏறி, வால்வுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி இழுத்தான். கூடமே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. "சுத்தம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மருமகள் சிரிக்கவில்லை. "சித்தப்பா, அந்தப் பேப்பரை வச்சு ஒரு தடவை பாத்துடலாமே" என்றாள்.

தம்பி முகம் சுண்டிப்போனது. அவனைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருகிட்ட என்ன பேசற? நேத்து வந்தவ நீ. அவன் மோந்து சொன்னா முதலாளியே கேப்பாரு. போ, போய் வேலையைப் பாரு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். வேறு மேஜைக்காவது மாற்றுங்கள் என்று கேட்டாள். மருமகள் என்றால் சலுகையா என்று மற்றவர்கள் வாய்க்கு அவல் போட எனக்கு விருப்பமில்லை. அதே மேஜையில் நிற்க வைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் வால்வு பிய்த்துக்கொண்டது.

காலை வேலை மும்முரம். நான் வாசலில் ஐஸ் இறக்குகிறவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பினால் சுவரோரம் வெள்ளையாகப் புகை இறங்குகிறது. பெண்கள் தட்டுகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் குனிந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பட்டதெல்லாம் தொப்பியிலும் முதுகிலும்தான். மருமகள் மட்டும் நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெடிப்பதற்கு முன்பே நெடி கூடுவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கேயிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். நேராகக் கண்ணில் அடித்துவிட்டது.

நான் எப்படி உள்ளே போனேன், எப்படி இழுத்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அவள் இமைகளை விரலால் பிளந்து பிடித்துக்கொண்டு ஊற்றினேன். அவள் துடித்த துடிப்பு என் கையில் இன்னும் இருக்கிறது. "விடுங்க அத்தை, விடுங்க அத்தை" என்று கதறினாள். நான் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். இடது கண் தப்பித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். வலது கண்ணில் கருவிழி வெந்துவிட்டது. இங்கே அதற்கு வழியில்லை, பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"முன்னாடியே நெடி எதுவும் வரலையா? இது ஒரே நாள்ல ஆகுற விஷயம் இல்லையே."

"வரல டாக்டர்" என்றேன்.

"வந்துச்சு" என்றாள் மருமகள், கட்டுக்குள்ளிருந்து. "நான் சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த இடத்திலேயே தரைக்குள் போயிருக்க வேண்டும். மகனுக்குப் போன் செய்தபோது அவன் கத்தக்கூட இல்லை. "அவ சொன்னாளாம்மா, சொல்லலையா?" என்று மட்டும் கேட்டான். சொன்னாள் என்றேன். வைத்துவிட்டான். லாரியைத் திருப்பிக்கொண்டு வர அவனுக்கு இன்னும் சில நாள் ஆகும்.

கிடங்குக்கு ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்பெனிதானே அனுப்ப வேண்டும்? மேனேஜர் மேஜையில் பேனாவை உருட்டிக்கொண்டே பேசினார்.

"வால்வு திடீர்னு உடைஞ்சா அது விபத்து. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்? முன்னாடியே கசிஞ்சு, நாங்க கவனிக்காம விட்டிருந்தா அது எங்க தப்பு. அப்படின்னா கண்டிப்பா ஆபரேஷனுக்கு அனுப்புவோம். ஆனா இங்க வருஷக்கணக்கா வேலை பாக்கிறவங்க ஒருத்தருக்கும் நெடி வரலைங்கறாங்களே. நேத்து வந்த பொண்ணுக்கு மட்டும் எப்படிம்மா வரும்?"

நான் எதைச் சொல்லி அவளை அடக்கினேனோ, அதையே அந்த ஆள் சட்டை மடிப்புக் கலையாமல் திருப்பிச் சொன்னார்.

மறுநாள் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி வந்தாள். வயதில் என் மகள் மாதிரி இருப்பாள், சிரிப்பே கிடையாது. அந்த ரோஸ் பேப்பரை நனைத்து ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினாள். நீலம். அடுத்தது, நீலம். வாசலுக்கு மேலே இருந்தது, அதுவும் நீலம். மேனேஜர் கனைத்துக்கொண்டு, "வால்வு வெடிச்ச அதிர்வுல மத்ததும் ஆட்டம் கண்டிருக்கும் மேடம்" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அவள். "வெடிக்கிறதுக்கு முன்னாடி கசிஞ்சதுன்னு சொல்ல யாராவது இருக்கீங்களா? அந்தப் பொண்ணைத் தவிர?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி ஓர் ஓரமாக, கையைப் பின்னால் கட்டி, தாடையைத் தூக்கி நின்றான். பழக்க தோஷம். அந்தத் தாடையைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"மூக்கு மாஸ்டராம் மூக்கு! மூக்கா அது? முகத்துல ஒட்டி வச்ச கத்திரிக்கா! அந்தப் பேப்பரைத் தண்ணியில நனைக்கிறதுக்கு உனக்கு என்னடா கேடு? ஒரு பொண்ணு கண்ணைத் தின்னுட்டு நிக்கிறியே!"

"அக்கா, எனக்குச் சத்தியமா..."

"பேசாதே! மேடம், நான் சொல்றேன், எழுதிக்குங்க. எனக்கு நெடி வந்துச்சு. நல்லா வந்துச்சு. அப்பவே இவன்கிட்ட சொன்னேன். இவன்தான் கேக்கல."

சொல்லி முடித்தபோது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. வால்வுக்குக் கீழே நின்றபோது கண் கரித்ததே, அது நெடி இல்லாமல் வேறென்ன? எனக்குத் தெரிந்திருந்தது. தம்பி 'சுத்தம்' என்று சொன்னதால்தான் நான் விட்டுவிட்டேன். கெடுத்தவன் அவன். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாளைக்கு விசாரணை. அங்க வந்து இதையே சொல்லுங்க" என்றாள். வருகிறேன் என்றேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கே மருமகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெரிய ஆஸ்பத்திரி முடிவாகும்வரை வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். முன் அறையில் கட்டிலில் உட்கார வைத்தேன். கையைப் பிடித்து நடத்தும்போது என் கையை அவள் பிடிக்கவில்லை, நான்தான் பிடித்திருந்தேன். சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் பால் காய்ச்சலாம் என்று பாத்திரத்தில் ஊற்றி, மூடி, அடுப்பைச் சின்னதாக வைத்தேன். அப்போதுதான் தம்பி வந்தான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏன்க்கா பொய் சொன்ன?"

"எதுடா பொய்?"

"நீ என்கிட்ட எப்ப சொன்ன? அந்தப் பொண்ணு சொன்னா. நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். இப்ப நான் மட்டும் கொலைகாரனா?"

"வாயைக் கழுவு! பேப்பர் உன் கையில இருந்துச்சா, என் கையில இருந்துச்சா?"

"என் கையிலதான். தப்புதான். என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும், ஜெயில்ல போடட்டும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் வேணும்னு பண்ணலக்கா. அவ்ளோ கிட்ட மூக்கை வச்சேன். சத்தியமா ஒண்ணுமே வரல. வந்திருந்தா விட்டிருப்பேனா?"

"உனக்கு வரல, எனக்கு வந்துச்சே!"

அவன் சுவரில் சாய்ந்தான். குரலை இறக்கித்தான் கேட்டான்.

"உனக்கு வந்திருந்தா, அவளை அந்த மேஜையிலயே நிக்க வச்சிருப்பியாக்கா?"

குரலை இரண்டு மடங்கு ஏற்றினேன். சின்ன வயதிலிருந்து அவன் செய்த ஒவ்வொரு கூத்தையும் இழுத்துப் போட்டேன். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தது, முதலாளி தட்டிக்கொடுத்துக் கெடுத்தது, பெண்கள் மாஸ்டர் மாஸ்டர் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது, ஒன்றையும் விடவில்லை. அவனும் விடவில்லை. அந்தச் சின்ன சமையலறை அதிர்ந்தது.

"அத்தை" என்று உள்ளேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். "பால் தீயுது."

"தீயல" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு அவனிடம் தொடர்ந்தேன்.

"தீயுது அத்தை. ரொம்ப தீயுது."

"அட, தீயலைங்கறேன்ல! நான் அடுப்புப் பக்கத்துலதானே நிக்கிறேன். தீஞ்சா எனக்குத் தெரியாதா?"

கட்டிலின் மரம் கிரீச்சிட்டது. சுவரில் கை உரசுகிற சத்தம். மருமகள் சுவரைத் தடவித் தடவி வந்து, வாசலில் தம்பி மேல் இடித்து நின்றாள். கண்ணில் கட்டு, முகம் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை நாளில் என்னிடம் ஒரு வார்த்தை உயர்த்திப் பேசாதவள் கத்தினாள்.

"இப்பவும் நம்ப மாட்டீங்களா? வீடு முழுக்க நாறுது! எனக்குக் கண்ணுதான் போச்சு, மூக்கு இருக்கு! தயவுசெஞ்சு திரும்பியாவது பாருங்க!"

திரும்பினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் தூக்கினேன். குபுக்கென்று புகை முகத்தில் அடித்தது. உள்ளே பால் இல்லை. கரிக்கட்டியாக ஒரு வட்டம், பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு. அடுப்பை அணைத்தேன்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். இவ்வளவு நேரமும், கைக்கெட்டும் தூரத்தில்.

பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு இழுத்தேன். சூடு மட்டும் வந்தது. தொண்டை கரித்தது, இருமல் வந்தது. தீய்ந்த வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. தம்பி பாத்திரத்தை என் கையிலிருந்து பிடுங்கினான். தாடையைத் தூக்கினான், கண்ணை மூடினான், இழுத்தான். மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவை இழுக்கும்போது அவன் முகம் கோணிக்கொண்டு போனது. கிடங்கே வாய் பிளந்து பார்த்த மூக்கு அது.

"அக்கா" என்றான். பாத்திரத்தை என்னிடமே திருப்பி நீட்டினான்.

எனக்கு வெறி பிடித்தது. சோப்பை எடுத்து முகர்ந்தேன். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். வெங்காயத்தை நறுக்காமல் கையாலேயே பிய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. அலமாரியைத் திறந்து காபிப் பொடி டப்பாவை எடுத்தேன். போன வாரம் வாங்கியது. மூடியைப் பிடுங்கி மூக்கைப் பொடி மேலேயே வைத்து இழுத்தேன். தூள் ஏறித் தும்மினேன். காபி என்கிற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே என் மூக்குக்குத் தெரியவில்லை. தம்பியிடம் நீட்டினேன். அவனும் இல்லை என்று தலையை ஆட்டினான்.

எப்போது போனது? தெரியாது. போன வருஷமா, அதற்கு முன்பா? கை போனால் தெரியும், கால் போனால் தெரியும். இது போனதுகூடத் தெரியாமல், இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வால்வுக்குக் கீழே நின்று 'ஒண்ணும் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். நெடி இல்லை என்றல்லவா நினைத்தேன்! எனக்குத் தெரியவில்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லையே! எங்கள் கூடத்தில் எத்தனை பேர் இப்படி? டீ வாங்கிக் கொடுத்தவர்கள் அத்தனை பேருமா? மூக்கு செத்த கூட்டம் ஒன்று சேர்ந்து, மூக்கு உள்ளவளைப் பார்த்து இளித்திருக்கிறோம். அந்த நேரத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. உண்மையாகவே ஓர் அறை அறைந்துகொண்டேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன நடக்குது?" என்றாள் மருமகள். அவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "யாராவது சொல்லுங்க."

சொன்னேன். எனக்கும் அவனுக்கும் மூக்கு இல்லை என்று சொன்னேன். பாலும் வரவில்லை, சோப்பும் வரவில்லை, கேஸும் வரவில்லை என்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டியதும் இல்லை.

"நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"எனக்கு நெடி வரலைன்னு சொல்லப் போறேன். முன்னாடி சொன்னது பொய்யின்னு சொல்லப் போறேன்."

மேனேஜர் பேசியதை நான் முன்பே சொல்லியிருந்ததால் அவள் விடவில்லை. "அதைத்தானே அந்த மேனேஜரும் சொல்றாரு? பழைய ஆளுங்க யாருக்கும் வரலைன்னு. அப்ப நான்தானே பொய்க்காரி? என் கண்ணு?"

"அந்த ஆள் சொல்றது அதோட நின்னுடுது" என்றேன். என் கோபம் கடைசியில் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. "நான் நிக்க மாட்டேன். இந்த டப்பாவைக் கையோட எடுத்துட்டுப் போறேன். எல்லார் கண்ணையும் துணியால கட்டச் சொல்றேன். முதல்ல என் கண்ணை, அப்புறம் இவன் கண்ணை, அப்புறம் கூடத்துல இருக்கிற ஒவ்வொருத்தி கண்ணையும். டப்பாவை மூக்குல வச்சு, உள்ள என்ன இருக்குன்னு கேக்கச் சொல்றேன். எத்தனை பேரு சொல்றாளுங்கன்னு அந்த மேடமே பாக்கட்டும். எங்களுக்கு வரலைங்கறதை வச்சு உன்னைப் பொய்க்காரின்னு சொல்ல இனி எந்தக் கொம்பனுக்கும் வாய் வராது."

"நானும் வரேன்க்கா" என்றான் தம்பி. "என்னையே முதல்ல கட்டச் சொல்லு. மூக்கு மாஸ்டரைப் பாத்தா மத்தவங்க மறுக்க மாட்டாங்க."

திடீரென்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்கு இப்போது பயமாக இருந்தது. போன வாரம் வாங்கியதுதான், ஆனால் கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டிருந்தால்? இத்தனை நேரம் திறந்து கிடந்ததில் போயிருந்தால்? டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"இதைக் கொஞ்சம் மோந்து பாரும்மா. வாசனை இருக்கா?"

அவள் கையை நீட்டி டப்பாவைத் தேடினாள். கிடைத்ததும் இரண்டு கையாலும் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இருக்கு அத்தை. நல்லாத் தூக்கலா இருக்கு."

மூடியை வாங்கி, காற்றுப் புகாமல் இறுக்கி மூடினேன்.